மைத்துனரின் மாத்திரைப் பெட்டி



தவக்காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களின் சமையலறை தானாகவே நிறம் மாறிவிடுகிறது. ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் சொற்களை இக்காலப் பிள்ளைகள் அறியாதிருக்கலாம். ஆனால் நாற்பது நாளும் கறியும் மீனும் வீட்டுப் படியேறாமல் காத்த பாட்டிமார்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர்கள் உடல்நலம் கருதி அவ்வாறு செய்தவர்கள் அல்லர். அதனால்தானோ என்னவோ, உயிர்ப்பு ஞாயிறு விடிந்ததும் நாற்பது நாள் கணக்கையும் நாம் ஒரே வேளையில் தீர்த்துவிடுகிறோம்! இம்மாதம் நான் எழுத வந்தது என் மைத்துனரைப் பற்றியும், அவர் எறிந்துவிட இருந்த மாத்திரைப் பெட்டியைப் பற்றியும், அவர் மனத்தை அவ்வாறு திருப்பிய ஓர் அமெரிக்க மருத்துவரைப் பற்றியும் ஆகும்.

மைத்துனர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருக்கிறார். ரமணாசிரமம் கூப்பிடு தொலைவு. எட்டு மாதங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்ததால் ஸ்டென்ட் ஒன்றைப் பொருத்திக் காப்பாற்றினார்கள். அன்றுமுதல் காலையும் இரவும் மாத்திரைகள். சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"மாமா, இருதய அடைப்பை உணவாலேயே கரைத்துக் காட்டிய டாக்டர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறாராம். பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் சொன்னார். திருநீற்றுப் புதனிலிருந்து கறி, மீன், முட்டை, எண்ணெய் ஒன்றும் நான் தொடவில்லை. உடம்பு இலேசாக இருக்கிறது. உயிர்ப்புத் திருநாளோடு மாத்திரைகளையும் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்."

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் துணைவியாரின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் முதல் பேருந்தில் நான் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டேன்.

நான் மருத்துவன் அல்லேன். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன். எத்தனையோ ஆயிரம் மருந்துச்சீட்டுகளைப் படித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றிலேனும் "கீரை" என்று எழுதியிருக்கக் கண்டதில்லை. ஆகவே மைத்துனர் குறிப்பிட்ட அம்மருத்துவர்பால் எனக்கு நெடுநாளாகவே ஒரு மதிப்பு உண்டு. அவர் பெயர் டீன் ஆர்னிஷ். அவரைப் பற்றி நான் அறிந்தவற்றையெல்லாம் அன்று பிற்பகல் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவருக்குச் சொன்னேன். அக்கதையின் ஒரு முனை அவர் வீட்டுத் தெருக்கோடியிலேயே இருக்கிறது என்பதுதான் அவரை முதலில் வியப்பில் ஆழ்த்தியது.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் இராமசாமி. திருமணமான சில ஆண்டுகளில் மனைவியை இழந்து, துறவு நாட்டம் கொண்டு பல ஆசிரமங்களுக்குச் சென்றார். அவ்வாறு வந்து தங்கிய இடங்களுள் ஒன்று ரமணாசிரமம். அக்காலத்தில்தான் ரமண மகரிஷியின் இடக்கையில் சதைப் புற்று தோன்றியது. 1949-ஆம் ஆண்டில் மட்டும் நான்கு முறை அறுவை செய்தார்கள். அந்த வேதனையையும் சிகிச்சையையும் கண்கொண்டு காணமாட்டாமல் இராமசாமி அங்கிருந்து வெளியேறினார் என்பர். வடக்கே ரிஷிகேசம் சென்று, அங்கே சிவானந்தரிடம் 1949 ஜூலையில் துறவு பெற்று, சச்சிதானந்தர் என்னும் பெயர் பூண்டார்.

அந்தச் சிவானந்தரும் நம் தமிழர்தாம், அதிலும் மருத்துவர். திருநெல்வேலிச் சீமையில் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1909-இல் 'அம்பிரோசியா' என்னும் மருத்துவ இதழொன்றை நடத்தி, பின்னர் மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஏறத்தாழப் பத்தாண்டு மருத்துவம் பார்த்துவிட்டே துறவியானார். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட வராமல் வாழக் கற்பிப்பதே மேல் என்னும் எண்ணம் அவருடைய நூல்கள் பலவற்றிலும் காணக்கிடக்கிறது.

சச்சிதானந்தர் சில ஆண்டுகள் இலங்கையில் பணியாற்றி, 1966-இல் அமெரிக்கா சென்றார். அங்கே அவர் பெற்ற புகழும், பிற்காலத்தில் அவர்மீது எழுந்த புகார்களும் நம் பொருளுக்குப் புறம்பானவை. நமக்கு வேண்டியது 1972-ஆம் ஆண்டின் இறுதியில் டெக்சாசு மாநிலத்து டாலசு நகரில் ஒரு வீட்டு முன்னறையில் நிகழ்ந்த சந்திப்பு ஒன்றே.

அவ்வீட்டுப் பிள்ளைதான் டீன் ஆர்னிஷ். அப்போது வயது பத்தொன்பது. மருத்துவராக வேண்டுமென்ற பேராவலோடு கல்லூரி சேர்ந்தவர், தம்மால் இயலாது என்னும் அச்சத்தால் மனமுடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்று, படிப்பை இடையில் நிறுத்தி வீடு திரும்பியிருந்தார். இதை அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தமக்கை சச்சிதானந்தரிடம் யோகப் பயிற்சி பெற்றவர். மகளை மாற்றிய மனிதரைப் பார்க்க விரும்பிய பெற்றோர், சாமியாருக்காக வீட்டில் மது விருந்தொன்றை ஏற்பாடு செய்தார்களாம்! (அவ்வூர் வழக்கம் அது, நாம் காப்பி கொடுப்பதைப் போல.) அன்று கேட்டவை அந்த இளைஞரைத் தொட்டன. மூச்சுப் பயிற்சியும் தியானமும் பயின்றார். புலால் உண்பதை விட்டார். மனம் தெளிந்து மீண்டும் கல்லூரிக்குச் சென்று முதல் மாணவராகத் தேறினார்.

இதுவரை கேட்ட மைத்துனர், "பார்த்தீர்களா மாமா!" என்றார். "பொறுங்கள்," என்றேன். சாமியார் ஒருவர் சொன்னார், சீடர் நலமடைந்தார் என்பதோடு கதை முடிந்திருந்தால் அதை நான் இப்பகுதியில் எழுதவே மாட்டேன். ஆர்னிஷ் அடுத்துச் செய்ததுதான் பெரிது. தமக்கு நன்மை தந்த ஒன்றை, அது பிறருக்கும் நன்மை தருகிறதா என்று அளந்து பார்க்கத் துணிந்தார்.

ஹூஸ்டன் நகரில் அவர் மருத்துவ மாணவராயிருந்த 1970-களில் பைபாஸ் என்னும் மாற்றுவழி அறுவை புகழேணியில் ஏறிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலும் 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் அதனை முதன்முதலாக வெற்றியுடன் செய்து காட்டினார். அறுவை முடிந்த நோயாளிகள் வீடு சென்று, பழைய உணவையே உண்டு, பழைய சிகரெட்டையே புகைத்து, சில ஆண்டுகளில் அடைத்த குழாயோடு திரும்பி வருவதை ஆர்னிஷ் கண்டார். 1977-ஆம் ஆண்டு, மாணவராயிருந்தபோதே, பத்து நோயாளிகளை ஒரு மாதம் ஓரிடத்தில் தங்கவைத்து, தம் உணவையும் பழக்கங்களையும் அவர்களுக்குக் கற்பித்தார். நெஞ்சுவலி குறைந்தது. பின்னர் 24 நாள் நடத்திய ஆய்வு 1983-இல் வெளிவந்தது. ஆயினும் வலி குறைந்ததா, குழாயே திறந்ததா என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடையாக 1990 ஜூலையில் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையே அவர் பெயரை உலகறியச் செய்தது.

அந்த ஆய்வைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இருதயக் குழாய் அடைப்புள்ள 48 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 28 பேருக்கு ஆர்னிஷின் முறை. மற்ற 20 பேருக்கு வழக்கமான மருத்துவம். ஆர்னிஷின் முறையில் உணவு என்பது பழம், காய்கறி, முழுத்தானியம், பயறு பருப்பு ஆகியவையே. கறி, மீன், கோழி கிடையா. சமையலில் எண்ணெய் இல்லை. மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு கூடாது. முட்டையின் வெள்ளைக் கருவும், நாளொன்றுக்கு ஒரு குவளை ஆடை நீக்கிய பால் அல்லது தயிரும் மட்டும் விலக்கு. இதனோடு புகையிலை அறவே விடுதல், நடை, நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகமும் தியானமும், வாரம் இருமுறை நோயாளிகள் ஒன்றுகூடி நாலு மணி நேரம் மனம்விட்டுப் பேசுதல். அழைக்கப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர்தாம் இதற்கு இசைந்தார்கள் என்றால் வியப்பில்லை!

ஓராண்டு கழித்துக் குழாய்களைப் படமெடுத்து, எப்படம் எவருடையது என்று அறியாதவர்களைக் கொண்டு அளந்தார்கள். ஆர்னிஷ் குழுவில் சராசரி அடைப்பு 40 விழுக்காட்டிலிருந்து 37.8 ஆகக் குறைந்தது. மற்றக் குழுவில் 42.7 விழுக்காட்டிலிருந்து 46.1 ஆகக் கூடியது. நெஞ்சுவலி வரும் தடவைகள் முதற்குழுவில் 91 விழுக்காடு குறைந்தன.

"இரண்டு விழுக்காடுதானா குறைந்தது?" என்று மைத்துனர் முகம் சுருங்கிற்று. அவர் கணக்கு ஆசிரியர். ஆகவே கணக்காகவே சொன்னேன். குழாய் ஒன்றின் ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதில் ஓடும் நீர் பத்தில் ஒரு பங்கு கூடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது அது. மேலும் இரத்தக் குழாய் இரும்புக் குழாய் அன்று. விரியவும் சுருங்கவும் வல்லது. கொழுப்பு நிறைந்த உணவு அதன் உட்சுவரைப் பழுதாக்கி அந்த விரியும் ஆற்றலைக் கெடுக்கிறது. உணவு திருந்தினால் அவ்வாற்றல் சில வாரங்களிலேயே மீளத் தொடங்குகிறது. அடைப்பு கரைவதற்கு நெடுநாள் முன்னரே வலி குறைவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. மாரடைப்பு என்பது பெரும்பாலும் குழாய் மெல்ல மெல்ல மூடி வருவதன்று. உட்சுவரில் படிந்த கொழுப்புத் தடிப்பு திடீரென உடைந்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் நேர்வது. தடிப்பு ஆறி உறுதிப்பட்டாலே ஆபத்து குறையும்.

1998-இல் ஐந்தாண்டு முடிவுகள் வெளிவந்தன. ஆர்னிஷ் குழுவில் அடைப்பு மேலும் சிறிது குறைந்திருந்தது. மற்றக் குழுவில் நன்றாகவே கூடியிருந்தது. மாரடைப்பு, அறுவை, மருத்துவமனைச் சேர்க்கை போன்ற நிகழ்ச்சிகள் 28 பேரிடையே 25. மற்ற 20 பேரிடையே 45. அந்த 28 பேரும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எதனையும் உட்கொள்ளவில்லை.

நான் இந்தக் கடைசி வரியைச் சொல்லியதும் மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சொன்னதும் இதைத்தான்.

இந்த இடத்தில்தான் நான் அவரோடு வாதாட வேண்டியதாயிற்று.

முதலாவது, 28 பேர் என்பது 28 பேரே. அவர்கள் உணவை மட்டுமா மாற்றினார்கள்? புகையிலையை விட்டார்கள், நடந்தார்கள், உடல் இளைத்தார்கள், கூடிப் பேசி மனப்பாரம் இறக்கினார்கள். இவற்றுள் எது எவ்வளவு பயன் தந்தது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ நிலையத்தில் 42 ஆண்களைக் கொண்டு நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வும் யோகம், உணவு, நடை எல்லாவற்றையும் சேர்த்தே நன்மை கண்டது. மறுபுறம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை ஒன்றை 4,444 இருதய நோயாளிகளிடம் ஆராய்ந்து 1994-இல் வெளிவந்த முடிவு, இறப்பு முப்பது விழுக்காடு குறைந்ததைக் காட்டிற்று. ஆர்னிஷ் தம் ஆய்வைத் தொடங்கிய நாளில் இந்தச் சான்று இல்லை. இன்று இருக்கிறது.

இரண்டாவது, அதனினும் முக்கியமானது. "உங்கள் நெஞ்சில் இருக்கும் உலோகச் சுருள் அவர்கள் நெஞ்சில் இல்லை," என்றேன். ஸ்டென்ட் என்பது மனித இருதயத்தில் முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில்தான் பிரான்சு நாட்டில் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் அது பொதுப் பயனுக்கு வந்தது 1994-இல். குழாய்க்குள் அந்நியப் பொருளாக நிற்கும் அச்சுருளின்மேல் இரத்தம் உறையாதிருக்கவே முதற்சில மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டு வரை, இரண்டு மாத்திரைகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. அதன் பின்னும் ஒன்று தொடரும். அவற்றிற்கும் கொழுப்புக்கும் தொடர்பில்லை. கீரையும் கேழ்வரகும் எவ்வளவு உண்டாலும் அந்த வேலையைச் செய்யமாட்டா. மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தினால் சுருள் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளக்கூடும். அவ்வாறு அடைத்தவர்களுள் உயிரிழப்பவர் பலர். முப்பது ஆண்டுகளில் நானே இதைக் கண்டிருக்கிறேன். மருந்து வாங்க மாதந்தோறும் வரும் ஒரு நெசவாளர், உடம்பு தேறிவிட்டதென்று இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் அவர் மகன் வந்தான், மீதமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுப்பதற்கு.

மைத்துனர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் இந்த உணவெல்லாம் வீணா?" என்றார்.

வீணென்று நான் சொல்லவில்லையே! அன்று மாலை இருவரும் செங்கம் சாலையில் நடந்தோம். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் செல்லும் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி அது. ரமணாசிரமத்து வாயிலருகே நின்று அவரிடம் சொன்னேன்: இவ்வாசிரமத்து அடுக்களையில் ரமணர் பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து தம் கையால் காய்கறி நறுக்கியவர், காம்பையும் தோலையும்கூட வீணாக்க விடாதவர். வாழ்நாளெல்லாம் மரக்கறியே உண்ட அவரைப் புற்றுநோய் விடவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் காலமானார். நம்மவரான அபிஷிக்தானந்தர், பிரான்சிலிருந்து வந்த பெனடிக்டு சபைத் துறவி, 1949 சனவரியில் முதன்முறையாக இதே வாயிலில் நுழைந்தவர். பின்னர் இம்மலைக் குகைகளில் தங்கித் தவமிருந்தவர். குளித்தலை அருகே சாந்திவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். எளிய உணவும் கடுந்துறவுமாய் வாழ்ந்த அவருக்கும் 1973 ஜூலையில் ரிஷிகேசத்துத் தெருவிலே மாரடைப்பு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். உணவு நோயின் வாய்ப்பைக் குறைக்கும். கவசமாகாது. நல்லவர்க்கு நோய் வராது, வந்தவர் ஏதோ தவறு செய்தவர் என்று நினைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. நோயுற்றோரைக் காணச் செல்லும் நம் அன்பியத்தாரும் இதை எண்ணிப் பேசினால் நன்று.

இரவுச் சாப்பாட்டின்போது மற்றொன்றைக் கவனித்தேன். மைத்துனர் கறியையும் எண்ணெயையும் விட்டது மெய். அவற்றின் இடத்தைத் தட்டில் எது நிரப்பிற்று? வெள்ளைச் சோறு! சாம்பாருக்கு ஒரு முறை, இரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. காய் ஒரு கரண்டி. அதன்பின் இரண்டு வாழைப்பழம். "எல்லாம் செடியில் விளைந்ததுதானே மாமா?" என்கிறார். சர்க்கரையும் கரும்பில் விளைந்ததுதான்.

நம் நாட்டில் உணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் இது. ஆர்னிஷ் உபதேசம் செய்தது நாள்தோறும் மாட்டிறைச்சியும் வெண்ணெயும் உண்ட மக்களுக்கு. நாமோ ஏற்கெனவே மாவுச்சத்தில் மூழ்கியிருப்பவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடளாவிய ஆய்வில், நம்மவர் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அதே ஆய்வின் 2023-ஆம் ஆண்டு வெளியீடு, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். ஆர்னிஷின் 28 பேரிடையேகூட டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு கூடிற்று, நல்ல கொழுப்பு சற்றுக் குறைந்தது. எண்ணெயை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைச் சோற்றைக் குவிக்கும் தமிழருக்கு அது இன்னும் கேடாகலாம்.

எண்ணெய் விஷயத்திலும் எனக்கு ஆர்னிஷோடு முழு உடன்பாடில்லை. திருவண்ணாமலை மாவட்டம் வேர்க்கடலைச் சீமை. அளவோடு உண்ணும் கடலையும் கொட்டை வகைகளும் இருதயத்திற்கு நன்மை தருவனவாகவே பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையை நான் மறுக்கமாட்டேன். டீக்கடையில் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சுடும் போண்டாவை மறுப்பேன். அது முழுச் சைவமாயினும் சரி.

ஆர்னிஷ் தம் முறையை மருத்துவ உலகம் ஏற்கச் செய்ய எடுத்துக்கொண்ட காலமும் சிந்திக்கத் தக்கது. அறுவைக்குப் பெருந்தொகை தந்த காப்பீட்டார், உணவு கற்பிக்கும் மருத்துவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தரவில்லை. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு அவர் முறைக்குப் பணம் தர இசைந்தது 2010-ஆம் ஆண்டில்தான். 'லான்செட்' கட்டுரைக்கு இருபது ஆண்டுகள் கழித்து! அதே ஆண்டில்தான் முன்னாள் குடியரசுத் தலைவர் கிளின்டன், 2004-இல் பைபாஸும் பின்னர் இரண்டு ஸ்டென்ட்டும் ஆனபிறகு, பெரிதும் தாவர உணவுக்கு மாறினார். நம் பக்கத்தில் ஆரோவில்லில் ஹோமியோபதி மருத்துவர் நந்திதா ஷா 2005 முதல் சரண் என்னும் அமைப்பை நடத்தி, பாலும் நீக்கிய முழுத்தாவர உணவைக் கற்பித்து வருகிறார்; இந்திய அரசின் நாரி சக்தி விருது பெற்றவர். பால் நீக்குவது அவரவர் முடிவு. ஆனால் பாலும் முட்டையும் கறியும் அறவே விட்டவர்கள் பி-12 உயிர்ச்சத்தை மாத்திரையாகவேனும் உட்கொள்ளத்தான் வேண்டும். செடிகளில் அது இல்லை. அது குறைந்தால் இரத்தம் குன்றும், நரம்பு தளரும், கால் மரத்துப்போகும். மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, "மாத்திரையை நிறுத்த வந்தவனுக்கு இன்னொரு மாத்திரையா!" என்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

மறுவாரம் இருவரும் அவருடைய இருதய மருத்துவரிடம் சென்றோம். மருத்துவர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். உணவு மாற்றத்தை வரவேற்றார். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளையும் ஸ்டாட்டினையும் தொடக்கூடாது என்றார். எடை ஆறு கிலோ குறைந்து இரத்த அழுத்தமும் தணிந்திருந்ததால், அழுத்தத்திற்கான மாத்திரையை மட்டும் பாதியாகக் குறைத்து எழுதினார். மைத்துனருக்கு அந்தப் பாதி மாத்திரையே பெரிய வெற்றி. சந்திலுள்ள அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் வீட்டில் மதியம் ஜவ்வாது மலையிலிருந்து வரும் சாமை அரிசிச் சோறு, ஒரே ஒரு முறை. தட்டில் பாதி காயும் கீரையும். கால் பங்கு பருப்போ சுண்டலோ. எண்ணெய் தாளிக்க ஒரு தேக்கரண்டி. சாமையில் குழம்பு ஒட்டவில்லை என்று அவர் மனைவி முதல் மாதம் முழுவதும் குறைபட்டுக்கொண்டார். தண்ணீர் அளவைக் கண்டுபிடித்தபின் குறை நின்றது. காலையில் ஆசிரமம் வரை நடந்து திரும்புகிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வெயில் தொடங்கியதும் ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் மைத்துனரின் சாமைப் பொங்கலை உண்டு பாராட்டிச் சென்றாராம்.

உயிர்ப்பு ஞாயிறன்று நாங்கள் அனைவரும் அங்கேதான் கூடினோம். பிள்ளைகளுக்குப் பிரியாணி ஆயிற்று. மைத்துனர் தம் தட்டில் இரண்டே துண்டு வைத்துக்கொண்டார். "டாக்டர் ஆர்னிஷ் பார்த்தால் என்ன சொல்வார்?" என்று என் துணைவியார் கேட்டார்.

"அவர் பார்க்கமாட்டார் அக்கா, அமெரிக்காவில் இருக்கிறார்," என்று சொல்லிவிட்டு, அலமாரி மேலிருந்த மாத்திரைப் பெட்டியை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குரிய கட்டத்தைத் திறந்தார்.